கழற்றி மாட்டும் பலகை

காடியை அலங்கரிப்பவர்களில் பூட்டை அலங்கரிப்பவர்கள் தனி ரகம். ரிம், ஸ்பாய்லர், எக்ஸோஸ் எல்லாம் சாலையில் போகும்போதே கண்ணில் படும், காதில் விழும். அதற்காகத்தான் அவற்றைச் செய்கிறார்கள். பூட் மூடியிருந்தால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. அறுநூறு மணி நேரம் உழைத்துச் செய்த வேலையை மூடி வைத்துக்கொண்டு டோல் சாவடியில் மற்ற காடிகளோடு சாதுவாக நின்றுகொண்டிருப்பான். எங்கேயாவது நிறுத்தித் திறந்தால்தான் காட்சி. கோயிலில் திரை விலகுவது போல. (பூட்டை, பூட்டுக்குள் என்று நான் எழுதும்போதெல்லாம் திண்டுக்கல் பூட்டு ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. இந்த ஊரில் யாரும் அதை டிக்கி என்று சொல்வதில்லை.)

ஞாயிற்றுக்கிழமைகளில் பேரங்காடிகளின் திறந்தவெளி கார் நிறுத்துமிடத்தில் இவர்கள் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கத்தை நடைபாதைப் பக்கம் திருப்பி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். மூடிகள் எல்லாம் திறந்திருக்கும். சிவப்பு வெல்வெட், நீல எல்.இ.டி, கண்ணாடித் தரை, பெர்ஸ்பெக்ஸ் பலகையில் செதுக்கிய பெயர், நடுவில் இரண்டு சப்வூஃபர். பக்கத்தில் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத தூசியை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துக்கொண்டிருப்பான் உரிமையாளன். பலர் பாட்டே போடமாட்டார்கள். அரை நாள் விளக்கு எரிந்தாலே பேட்டரி இறங்கிவிடும், அப்புறம் ஜம்பர் கேபிள் தேடி அலைய வேண்டும் என்ற பயம். நம் கதைகளில் ரப்பர் மரம் வரும் அளவுக்கு ரெசின் வாடை வருவதில்லை. ஆனால் என் வயதுத் தமிழர்களில் பால் வெட்டத் தெரிந்தவர்களைவிட ஃபைபர் கிளாஸ் போடத் தெரிந்தவர்கள்தான் அதிகம் என்று நான் துணிந்து சொல்வேன்.

என் தம்பி அவர்களில் ஒருவன். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்கிறான். அவனுடைய காடி 2001ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா. 1993இல் வெளிவந்த மாடல். அடிப்படையில் அது மிட்சுபிஷி லான்சர் என்பதால், பழைய லான்சரின் பாகங்களைத் தேடிப் பிடித்து வீராவை ஈவோ ஆக்குவது ஒரு தலைமுறைக்கே கனவாக இருந்தது. தம்பிக்கு அந்தக் கனவு இல்லை. அவனுக்கு வேகம் பிடிக்காது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நிதானம் வந்துவிடுகிறதோ என்னவோ. அவனுக்குப் பூட்தான் வேண்டும்.

அந்தப் பூட் அப்பாவுக்கும் வேண்டும். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் முதலில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. பிறகு சிறுநீரகத்துக்கு வந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சக்கர நாற்காலி இல்லாமல் அவரால் வாசலைத் தாண்ட முடியாது. அது இரும்பு நாற்காலி, பதினெட்டு கிலோ. மடக்கினாலும் ஒரு சாண் தடிமனுக்கு மேல் இருக்கும். பின் இருக்கையில் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முயன்றோம். கால் மிதிகளைக் கழற்றி, கதவில் இடித்து, சீட்டைக் கிழித்து உள்ளே தள்ளினால் அம்மாவுக்கு உட்கார இடம் இருக்காது. மழை நாளில் சக்கரத்துச் சேறு முழுக்க சீட்டில்தான். பூட்தான் அதற்குச் சரியான இடம்.

தம்பி பூட் செட்டப் பற்றிப் பேச்செடுத்த அன்று வீட்டில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்றால் அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவார், அவ்வளவுதான். அன்று ரொம்ப நேரம் கழுவினார்.

"ஏன்டா, ஒன் ரேடியோவ வைச்சிட்டு அப்பாவ எங்க வைப்ப, மடியிலயா?"

"ம்மா, ரெண்டும் வைக்கலாம்மா. நான் யோசிக்கிறேன்."

ஒரு பட்டறையில் விலை கேட்டான். ஐயாயிரத்து ஐநூறு வெள்ளி. அதைவிட முக்கியமான விஷயம், அவர்கள் செய்வது நிரந்தரமானது. தரையை எழுப்பி, பெட்டியை இறுக்கி, மேலே கார்பெட் ஒட்டிவிட்டால் பிறகு பூட் என்று ஒன்று கிடையாது. ஸ்பேர் டயரை எடுக்க வேண்டுமென்றாலே பாதியைப் பிரிக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் கழற்றி மாட்டும்படி செய்ய முடியுமா என்று கேட்டதற்கு அவர் சிரித்தாராம். "தம்பி, ஷோ காடின்னா ஷோ காடி. சாமான் ஏத்தணும்னா வேன் வாங்கிக்க."

அன்று இரவு தம்பி அளவு நாடாவோடு பூட்டுக்குள் படுத்துக்கொண்டான். நான் டார்ச் பிடித்தேன். பூட் என்பது வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரு பெட்டி போலத் தெரிகிறதே தவிர உள்ளே அப்படி இல்லை. இரண்டு பக்கமும் சக்கர வளைவுகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையில்தான் குறுகல், அதற்குப் பின்னால், பின்விளக்குப் பக்கம், இரண்டு மூலைகளும் விரிந்துவிடுகின்றன. மூடியைத் தாங்கும் கம்பிக் கைகள் மூடும்போது உள்ளே இறங்கி வந்து கொஞ்சம் இடத்தைத் தின்கின்றன. நாற்காலியைப் படுக்க வைத்தால் வளைவுகளுக்கு நடுவில் சரியாக உட்காரும். ஆனால் அந்த இரண்டு மூலைகளையும் அது தொடவே தொடாது. யாரும் எதுவும் வைக்காத, வைத்தால் உருண்டு போய் மாட்டிக்கொள்கிற மூலைகள்.

"அக்கா, சப் ரெண்டையும் இந்த மூலையில உட்கார வைச்சிட்டா?"

"நடுவுல?"

"நடுவுல பலகை. அம்ப், லைட், பெர்ஸ்பெக்ஸ் எல்லாம் பலகையில. ஷோன்னா மாட்றது, ஆஸ்பிட்டல்னா கழட்றது."

இதுதான் மொத்தத் திட்டமும். எழுதுவதற்கு மூன்று வரி. செய்ய ஐந்து மாதம் ஆனது.

முதல் கேள்வி பலகை. ஒலிப்பெருக்கிப் பெட்டிகளுக்கு எல்லோரும் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்தான் போடுவார்கள். அடர்த்தியானது, அதிராது, வெட்டினால் ஓரம் பிசிறடிக்காது. ஆனால் எட்டுக்கு நான்கு அடி முழுப் பலகை ஒன்று ஏறக்குறைய நாற்பது கிலோ கனக்கும். ஈரம் பட்டால் நனைந்த ரொட்டி மாதிரி உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. வாரத்துக்கு மூன்று முறை, சில நாள் மழையில், கையால் தூக்கி இறக்கப்போகிற பலகைக்கு அது ஒத்துவராது. தம்பி 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு மாறினான். வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் ரெசின் பூசி அடைத்தான். அம்ப்ளிஃபையர் உட்பட மொத்தம் பன்னிரண்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது அவன் தனக்கே போட்டுக்கொண்ட விதி. ஏன் பன்னிரண்டு என்று கேட்டேன். அவன் இரவு ஷிஃப்டில் இருக்கும் நாட்களில் நான்தானே தூக்க வேண்டும் என்றான்.

மூலைப் பெட்டிகளைப் பலகையில் செய்ய முடியாது. அங்கே நேர்க்கோடே இல்லை. அதற்கு ஃபைபர் கிளாஸ். பூட்டின் தகரத்தின்மேல் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாள் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ரெசின் காடியோடு சேர்ந்துவிடும். பிறகு கண்ணாடி நாரைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்து, ரெசினை பிரஷால் குத்திக் குத்தி ஊறவைக்க வேண்டும். காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது. நான்கு அடுக்கு. ரெசினில் கலக்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். நம் ஊர் நண்பகல் வெயிலில் அந்த அளவே அதிகம். கிண்ணத்திலேயே சூடாகி, புகைந்து, இறுகிப்போகும். அதனால் எங்கள் வேலை இரவு பத்து மணிக்குத்தான் தொடங்கும். வாடை தாமான் முழுக்க வீசும். பக்கத்து வீட்டு ஆச்சி என்ன சமைக்கிறீர்கள் என்று மறுநாள் கேட்டார்.

பெட்டியின் முன்பக்கத்துக்கு, நெளிவு வருவதற்காக, இழுத்தால் நீளும் துணியை வளையத்தின்மேல் இறுக்கிக் கட்டி அதன்மேல் ரெசின் ஊற்றுவார்கள். தம்பியிடம் அந்த மாதிரித் துணி நிறைய இருந்தது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆண்டுதோறும் அச்சடித்துக் கொடுக்கும் ஜெர்சி சட்டைகள். நம்மில் யார் வீட்டில்தான் அவை இல்லை? ஆனால் முன்பக்கம் முருகன் படம். அதன்மேல் ரெசின் ஊற்ற அம்மா விடவில்லை. கத்தரிக்கோலை எடுத்து முருகனைத் தனியாக வெட்டி வைத்துக்கொண்டு, நன்கொடையாளர் பெயர்கள் இருந்த முதுகுப் பக்கத்தைக் கொடுத்தார். ஆகவே எங்கள் வீராவின் இடது சப்வூஃபர் பெட்டிக்குள், புட்டிக்கும் பெயிண்டுக்கும் அடியில், ஒரு நகைக்கடையும் இரண்டு டயர் கடைகளும் நிரந்தரமாகப் புதைந்திருக்கின்றன.

பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று இருக்கிறது என்பது முக்கியம். பத்து அங்குல சப்புக்குப் பதினெட்டு, இருபது லிட்டர் வேண்டும். குறைந்தால் ஒலி இறுகிப்போகும். கோணல் மாணலான பெட்டியின் கொள்ளளவை எந்தச் சூத்திரத்தால் அளப்பது? உள்ளே பிளாஸ்டிக் பையை விரித்து அரிசி கொட்டி அளந்தோம். ஐந்து லிட்டர் எண்ணெய்ப் போத்தலால் அளந்து அளந்து ஊற்றியதில், இடது பக்கம் கிட்டத்தட்ட நான்கு போத்தல், வலது பக்கம் மூன்றே முக்கால். இந்த வித்தியாசத்தை யாராலும் கேட்க முடியாது என்று நான் சொன்னேன். தம்பி இடது பெட்டிக்குள் ஒரு கட்டையை ஒட்டி இரண்டையும் சமமாக்கினான். அந்த அரிசியை அம்மா மூன்று நாள் கோழிக்குப் போட்டார். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வயரிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்காட்சிக் காடிகளில் பார்ப்பதற்கு அழகாகவும் உள்ளே ஆபத்தாகவும் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஐநூறு வாட் அம்ப் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும்போது ஐம்பது அம்பியர்வரை இழுக்கும். அந்தக் கம்பி முன்பக்கப் பேட்டரியிலிருந்து தகரச் சுவரைத் துளைத்து, கம்பளத்துக்கு அடியில் ஊர்ந்து, பூட்டுக்கு வருகிறது. துளையில் ரப்பர் வளையம் போடாவிட்டால் தகர ஓரம் நாளடைவில் உறையை அறுத்துவிடும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இல்லாவிட்டால் அந்த இடத்தில் தீதான். மலிவான கம்பிகளில் செம்பு வெளிப்பூச்சு மட்டுமே, உள்ளே அலுமினியம். அதே தடிமன் செம்புக் கம்பி தாங்குவதை அது தாங்காது. விளக்குக்கு நானூறு வெள்ளி செலவழித்துவிட்டு ஃபியூஸுக்கு இருபது வெள்ளி யோசிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பலகையைக் கழற்ற வேண்டுமானால் கம்பிகளையும் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும். சாதாரண திருகு முனைகள் நூறு முறை கழற்றினால் தேய்ந்துவிடும், எது எங்கே என்று ஒருநாள் நிச்சயம் மாறும். இங்கேதான் தம்பியின் தொழில் கைகொடுத்தது. ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியைத் தினமும் சார்ஜரில் மாட்டிக் கழற்றுவதற்கு ஆண்டர்சன் பிளக் என்று ஒன்று உண்டு. தடித்த பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே வெள்ளி பூசிய செம்பு நாக்கு, இழுத்தால் கழன்றுவிடும், அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். தலைகீழாக மாட்ட முடியாது. நிறத்துக்கு நிறம்தான் பொருந்தும், சிவப்பு சாம்பலில் நுழையாது. ஆடியோ பட்டறைகளில் அதை நான் பார்த்ததில்லை. துறைமுகக் கிடங்கிலிருந்து ஒரு விஷயம் கண்காட்சி மேடைக்கு வந்தது அப்படித்தான். பலகையின் நான்கு மூலைகளிலும் டீ-நட், கையால் திருகும் போல்ட் நான்கு, இடம் தவறாமல் உட்கார இரண்டு மர ஆணிகள்.

மொத்தச் செலவு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வெள்ளி. அதில் அம்ப் பழையது. ரசீதுகளை அம்மா ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை.

இந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காவடிதான் ஞாபகத்துக்கு வந்தது. பத்துமலைக்கு வரும் பெரிய அலகுக் காவடிகளைக் கட்டுகிறவர்களும் இதே பையன்கள்தான். அதே பிளைவுட், அலுமினியக் குழாய், பாலிஸ்டைரின், ஸ்பிரே பசை, எல்.இ.டி பட்டை, சின்ன பேட்டரி. அங்கேயும் எடைக் கணக்குதான். தோளும் இடுப்பும் தாங்க வேண்டும், படியேற வேண்டும். சமச்சீர் பிசகினால் ஆடும்போது தெரியும். பூட் செய்கிறவர்களிடம் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் யூடியூப் என்பார்கள். என் தம்பி ஜிக்சா பிடிக்கக் கற்றது பதிமூன்று வயதில், மாமா வீட்டு வாசலில் காவடி கட்டிய இரண்டு வாரங்களில். ஒன்றை பக்தி என்கிறோம், இன்னொன்றை வெட்டிச் செலவு என்கிறோம். கையின் வேலை ஒன்றேதான்.

அமெரிக்காவில் மெக்சிக வம்சாவளியினரின் லோரைடர் காடிகளுக்கு இதே கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லாஸ் ஏஞ்சலஸில், தரையை உரசுவது போலக் காடியைத் தாழ்த்தி, மெதுவாக ஓட்டுவதை ஒரு கலையாக்கினார்கள். 1958இல் கலிஃபோர்னியா, ரிம்மின் கீழ் விளிம்புக்கும் கீழே உடல் தாழக் கூடாது என்று சட்டம் போட்டது. உடனே ஹைட்ராலிக் பம்ப் வந்தது. போலீஸைப் பார்த்தால் ஏற்றலாம், போனதும் இறக்கலாம். அந்தப் பம்புகளும் பேட்டரிகளும் எங்கே இருக்கும்? பூட்டில்தான். மறைக்க வைத்ததையே பிறகு வெல்வெட்டும் குரோமும் போட்டுக் காட்சியாக்கிவிட்டார்கள். நியூ மெக்சிகோவின் சிமாயோ என்ற சிற்றூரில் டேவிட் ஹரமியோ என்ற இளைஞர் 1969 ஃபோர்ட் எல்.டி.டி ஒன்றை மாற்றியமைத்துக்கொண்டிருந்தபோது, 1978இல் விபத்தில் இறந்துபோனார். குடும்பமும் நண்பர்களும் அதை முடித்தார்கள். 'டேவ்ஸ் ட்ரீம்' என்ற அந்தக் காடி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் பையன்களின் காடிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. போவதற்கு முன் யாராவது ஒரு படமாவது ஒழுங்காக எடுத்து வைக்கலாம்.

இதை எழுதும்போது எனக்கு எல்லாவற்றையும் புகழத் தோன்றவில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்குச் சன்னல் அதிரப் பாட்டுப் போட்டுக்கொண்டு தாமானைச் சுற்றுகிறவனைக் கலைஞன் என்று சொல்லமாட்டேன். வட்டிக்காரனிடம் வாங்கி சப்வூஃபர் போட்டு, ஆறு மாதத்தில் காடியையே இழந்த ஒருவனை எனக்குத் தெரியும். ஆனால் பூட்டில் விளக்கு எரிந்தாலே குண்டர் கும்பல் என்று முடிவு கட்டுகிறவர்களில் நம் ஆட்கள்தான் முதலில் நிற்கிறார்கள். ஒருமுறை இரவு சாலைத் தடுப்பில் பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். மூடி ஏறியதும் ஊதா விளக்கு தானாக எரிந்தது. நடுவில் அப்பாவின் நாற்காலி, தலைக்குமேல் ஒளிவட்டம் போட்ட சாமி மாதிரி. அந்த அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்ப் எவ்வளவு என்று மலாயில் விசாரித்தார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கண்காட்சிக்குத் தம்பி ஒரே ஒருமுறைதான் போட்டியாளனாகப் பதிந்தான். நடுவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பல் மருத்துவர் போலச் சின்னக் கண்ணாடியைப் பலகைக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார். ஃபியூஸைத் தேடிப் பார்த்தார். அதற்கு நல்ல மதிப்பெண். சமச்சீருக்கும் நல்ல மதிப்பெண். 'கரு' என்ற கட்டத்தில் தம்பி எதுவும் எழுதாததால் அதற்கு ஒன்றும் இல்லை. பிறகு விரல் நகத்தால் பலகையின் ஓரத்தைத் தடவினார். பலகைக்கும் மூலைப் பெட்டிக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. அது இல்லாமல் பலகை வெளியே வராது.

"இந்தக் கோடு ஏன் தெரியிது, பாய்? மத்த எல்லாம் கிளீனா செஞ்சிருக்கீங்க."

"கழட்றதுக்கு சார்."

"ஷோல எதுக்குக் கழட்டணும்?"

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், அவன் என் கையைத் தொட்டு வேண்டாம் என்றான். ஃபினிஷிங்கில் ஆறு மதிப்பெண் போனது. மூன்றாம் இடத்துக்கு நான்கு மதிப்பெண்தான் குறைவு. வீட்டுக்குத் திரும்பும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அப்பாவுக்காக மார்க் போடுவாருக்கா. அது வேலைக்குப் போட்ட மார்க் இல்லையே," என்றான். அப்புறம் பந்திங் சாலை முழுக்க, அந்த இடைவெளியைக் கறுப்பு ரப்பர் பட்டையால் மறைத்தால் எப்படி இருக்கும் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

பலகை மாட்டாத நாட்களில் அது ஹாலில் அப்பா படுக்கும் கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்திருக்கும். அவர் அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். லோரிக்காரருக்கு எதையும் நேரம் பார்த்துத்தான் பழக்கம். முதல் மாதம் கழற்ற இருபது நிமிடம் ஆனது, இப்போது ஏழு என்று உறவினர்களிடம் அவர்தான் கணக்குச் சொல்வார். அந்தக் கண்காட்சிக்குப் பிறகு திங்கட்கிழமை தம்பிக்கு ஓவர்டைம். பலகை பூட்டிலேயே இருந்துவிட்டது. செவ்வாய் விடியற்காலை ஐந்து மணிக்கு, தூறலில், தம்பி மூடிக்கு அடியில் தலையை விட்டுத் திருகிக்கொண்டிருந்தான். அப்பா வாசலில் நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார். பலகை வெளியே வந்ததும் கைபேசியைப் பார்த்தார்.

"ஒம்பது."

"ஒரு போல்ட் சிக்கிக்கிச்சுப்பா."

"கிரீஸ் வைடா. சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்னு சொல்லாத, இப்பவே வை."

தம்பி கிரீஸ் டப்பாவைத் தேடி உள்ளே போனான். நான் அப்பாவை முன் சீட்டுக்கு மாற்றிவிட்டு நாற்காலியை மடக்கினேன்.